இரண்டாம் கூண்டு

துவாதசி காலையில் அழகியநம்பி சாப்பிட வரவில்லை.

கல்யாணமாகி இந்தக் கரமனை வீட்டுக்கு வந்த நாள்தொட்டு இப்படி ஒன்று நடந்ததில்லை. ஏகாதசி முழுக்கப் பச்சைத்தண்ணீரோடு கிடந்துவிட்டு, மறுநாள் வெளுக்குமுன் குளித்து, நாமம் போட்டு, அடுக்களை வாசலில் வந்து நின்றுகொண்டு "ஆச்சா உலகு, ஆச்சா" என்று உயிரை எடுப்பவன் அவன். திருக்குறுங்குடிக்காரர்களுக்கு ஏகாதசி ஒன்றும் புதிதில்லை. ஆனால் அவனுக்கு விரதத்தின்மேல் உள்ள பக்தியைவிட, விரதம் முடிக்கிற அகத்திக்கீரையின் மேலும் நெல்லிக்காய்ப் பச்சடியின் மேலும் உள்ள பக்திதான் பெரிது என்று உலகம்மை பார்த்தவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அவன் சிரித்தால் வயிறு தனியாக ஒரு சுற்றுக் குலுங்கி அடங்கும்.

இன்றைக்குக் கீரை ஆறிவிட்டது. பச்சடி நீர்விட்டுக் கிடந்தது. அவன் முன்னறை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு சிரிப்பு. யாரைப் பார்த்தும் இல்லை, சும்மா இருந்தது.

"பசிக்கலையா அத்தான்?"

"பசியா?" என்று திருப்பிக் கேட்டான், எப்போதோ பழகிய ஒருத்தர் பேரை ஞாபகப்படுத்திக்கொள்கிறவன் மாதிரி. "இல்ல கேட்டியா. நீ சாப்பிட்டுட்டு ஜோலிக்குப் போ. நான் பொறவு எடுத்துத் தின்னுக்கிடுதேன்."

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தோஷம்கூடப் பட்டாள். கொஞ்ச நாளாகவே ஆள் இளைத்து வருகிறான். சட்டையெல்லாம் தோளில் தொங்குகிறது. சர்க்கரையும் இறங்கிவிட்டது, இன்சுலினைக் குறைத்தாயிற்று என்று அவனே சொன்னான். ஊசி மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோவதை அவள் கவனிக்கவில்லை. கிழக்கேகோட்டை ஜவுளிக்கடையில் அவன் கணக்கு எழுதுகிற மேசைக்கு வந்துபோகிறவர்களெல்லாம் என்ன சூத்திரம் என்று கேட்கிறார்களாம். நடைதான் என்று அவன் சொல்லியிருந்தான். அவளும் நம்பினாள். ரோஷம் இருக்காதா மனுஷனுக்கு! போன தை மாசம் நாகர்கோவிலில் அவன் தங்கை மகள் கல்யாணத்தில், படம் எடுக்க வந்தவன், "அண்ணாச்சி, நீங்க ஒரு ஓரமா நில்லுங்க, ரெண்டாளு எடம் போகுது" என்றான். மேடையே சிரித்தது. உலகம்மையும் சிரித்தாள். அழகியநம்பி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, பாதி உடம்பு தூணுக்குப் பின்னால் மறைகிற மாதிரித் தள்ளி நின்றுகொண்டான். திரும்பி வருகிற ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை.

உலகம்மைக்கு வேலையே கொழுப்போடுதான். கிழக்கேகோட்டையில் பஸ் மாறி, நகரத்தின் வடகோடியில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகவேண்டும். ஆஸ்பத்திரியில் வயிற்று ஆபரேஷன் நடக்கிற அன்று, நோயாளி சம்மதித்துக் கொடுத்த கொழுப்புத் துண்டை இளஞ்சூட்டுப் பெட்டியில் வாங்கிவந்து, நொதியில் ஊறவைத்துச் செல்களைப் பிரிப்பார்கள். மற்ற செல்களெல்லாம் அடியில் தங்கும். கொழுப்புச் செல்கள் மட்டும் பாலாடை மாதிரி மேலே மிதக்கும். கண்ணாடிக் குழாயில் பட்டாலே உடைந்துபோகிற நோஞ்சான் உடம்பு அவற்றுக்கு, பிளாஸ்டிக்தான் வேண்டும். அந்தச் செல்களின்மேல் ஊற்றிப் பார்ப்பது ஓபியாய்டு பெப்டைடு என்கிற சமாச்சாரம். அபின் செய்கிற வேலையை அபின் இல்லாமலே செய்துகொள்ள உடம்பு தானே தயாரிக்கிற சின்னப் புரதத் துணுக்குகள். அடிபட்டவனுக்கு வலியைத் தணிப்பதும் ஓடிக் களைத்தவனுக்கு ஒரு சுகம் தருவதும் அவைதாம். அவற்றுக்கு மூளையோடு மட்டும்தான் பேச்சு என்று நினைத்திருந்த காலம் போய், கொழுப்புச் செல்லுக்கும் அவற்றைக் கேட்கிற காது உண்டு என்று தெரிந்துவிட்டது. சிலதைக் கேட்டால் செல் தன் கொழுப்பைக் கரைத்து வெளியே விடும். உடம்பு செய்கிற பெப்டைடு சில நிமிஷத்தில் சிதைந்துவிடுவதால், அவர்களுடைய தலைவர் ஹரிகுமார் அதில் இரண்டு இடத்தை மாற்றி, லேசில் சிதையாத ஒன்றை உண்டாக்கியிருந்தார். அது கரைத்தது. அப்படிக் கரைத்தது.

அன்றைக்குப் போனதும் ஷில்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். உலகம்மையின் கீழ் பி.எச்டி. செய்கிற பெண், நெய்யாற்றின்கரைக்காரி. கொழுப்பு உடைந்தால் கிளிசரால் வெளியே வரும். அதை அளக்கிற இயந்திரத்தின் திரையில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"சேச்சி, மூணு தடவ ஓட்டியாச்சு. ஒண்ணும் ஏறல்ல. பெப்டைடு ஊத்தினதும் ஒண்ணு, பச்சத்தண்ணி ஊத்தினதும் ஒண்ணு."

"செல் செத்துப்போயிருக்கும்."

"செல்லுக்கு ஒரு கொழப்பமும் இல்ல. வேற மருந்து ஊத்தினப்போ நல்லா ஏறிச்சே. பெப்டைடுதான் கேடாயிப்போச்சு."

கெட்டுப்போயிருந்தால் அது உலகம்மை தலையில்தான் விடியும். ஜூன் மழையில் இடி விழுந்து நிலையத்து டீப் ஃப்ரீசர் நின்றுபோயிருந்தது. கொச்சியிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, பாகம் வரவேண்டும் என்று சொல்லிப் போனவர்தான். அக்கம்பக்கத்து ஃப்ரீசர்களில் ஊசி குத்த இடமில்லை. ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சட்டப்படி கூடாது, ஹரிகுமாருக்கும் தெரியும், அவர் தெரியாததுபோல் இருந்தார். பெப்டைடுக் குழாய்களைத் தெர்மகோல் பெட்டியில் ஐஸோடு வைத்துக் கரமனைக்குக் கொண்டுபோய், ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் அடுக்கி, வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்தவள் உலகம்மைதான். வேண்டும்போது ஒன்றை எடுத்து வருவாள். கரண்ட் போய்ப் போய் வந்ததில் கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அன்றைய பகலை ஓட்டினாள்.

அவள் வேலை பார்ப்பதைப் பற்றி அழகியநம்பிக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ராத்திரிச் சாப்பாட்டு நேரம்தான் இருவரும் பேசுகிற நேரம். எலிகளுக்கு அந்தப் பெப்டைடைக் குத்தியபோது அவை எப்படிச் சிக்கென்று இளைத்தன, எப்படிச் சண்டை சச்சரவில்லாமல் சொகுசாக இருந்தன என்று தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். "எலிக்கு எம்புட்டுக் குத்துவிய?" என்று கேட்டான். சொன்னாள். "அப்போ என்னப்போல ஒரு தடியனுக்கு?" என்றான். அவள் சிரித்துக்கொண்டே போனில் கணக்குப் போட்டு அதையும் சொன்னாள். அதற்கு மேல் எலிகளுக்கு நடந்ததை அவள் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று மறைக்கவில்லை. இலை முன்னால் இருக்கும்போது சாவைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அவன் வீட்டு வழக்கம். சொந்தத்தில் ஒரு சாவு என்று போன் வந்தால்கூடக் கைகழுவி எழுந்தபிறகுதான் வாயைத் திறப்பார்கள். மருமகளாக வந்த அவளும் அந்த வழக்கத்துக்குப் பழகிவிட்டாள். கைகழுவி எழுந்தபிறகு பாத்திரம், துணி, மறுநாள் மாவு என்று ஆயிரம் வேலை. எலிச் சங்கதியை யார் ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பார்கள்?

சாயங்காலம் வீடு திரும்பியபோது காலையில் மூடிவைத்த சாப்பாடு மூடினபடியே இருந்தது. அடுக்களையில் அவன் அவளுக்காகக் காப்பி போட்டுக்கொண்டிருந்தான். "இரி உலகு, இப்போ தாறேன்" என்றவன், பொங்கிய பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். இடுக்கி பக்கத்திலேயே தொங்கியது. துணியில்லை, அவசரமில்லை. பாத்திரத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, கடையில் ஓணத்துக்கு இறங்கியிருக்கும் புதுச்சரக்கைப் பற்றி ஏதோ சொல்லியபடி மேசைவரை நடந்து வந்து, சிந்தாமல் வைத்தான்.

உலகம்மை அலறிவிட்டாள்.

"என்னத்துக்கு இப்படி வெப்ராளப்படுதே?" என்றான். உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "ஓ, பொள்ளிப்போச்சு" என்றான், அடுத்த வீட்டுக்காரன் கையைப் பார்த்துச் சொல்வதுபோல.

அவன் கையைக் குழாய்த் தண்ணீருக்கடியில் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்த்தாள். அடுக்களையில் வெளிச்சம் மங்கியிருந்தும் அவன் கண்மணிகள் கடுகளவுக்குச் சுருங்கியிருந்தன. எலிகளின் வாலை வெந்நீரில் முக்கிப் பார்க்கிற ஒரு சோதனை உண்டு. சாதாரண எலி தொட்டவுடன் வாலை உருவிக்கொள்ளும். பெப்டைடு குத்திய எலி வாலை அப்படியே விட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். டப்பாவில் குழாய்கள் எல்லாம் வைத்தது வைத்தபடி, அவள் கையெழுத்துச் சீட்டோடு இருந்தன. ஒரு மூச்சு விட்டாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்ததும் அந்த மூச்சு பாதியில் நின்றது. உறைந்தால் ஐஸ் பெருகும் என்று அவள் எப்போதும் குழாயில் கால்வாசி இடம் விட்டுத்தான் நிரப்புவாள். இவை மூடிமுட்ட நிறைந்து, மூடிகள் மேலே பிதுங்கியிருந்தன. ஒன்றல்ல, எல்லாமே.

"அத்தான், இத நீங்க எடுத்தியளா?"

"எடுத்தேன்." மறைக்கிற எண்ணமே அவனிடம் இல்லை. "எடுத்ததுக்குப் பதிலா தண்ணியக் கொதிக்கவச்சு ஆத்தி நெறய ஊத்தி வச்சிருக்கேன். இருப்பு கொறையப்பிடாதுல்லா? ஒனக்குக் கெட்ட பேரு வரும்."

"எம்புட்டு நாளா?"

"பெட்டி வந்த வாரத்துலயே. மொதல்ல நீ சொன்ன கணக்குத்தான் உலகு. பொறவு அது போதாம வந்துது, கொஞ்சம் கூட்டிக்கிட்டேன்." அவன் குரலில் ஒரு கனிவு இருந்தது. "எம்புட்டு சொகமா இருக்கு தெரியுமா? கோயிலச் சுத்தி வந்தா தொடை ரெண்டும் உரசல. ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. சின்ன வயசுலேர்ந்து நெஞ்சுல ஒரு கல்லு கெடந்துது. அது எறங்கிப்போச்சு."

உலகம்மை அவனை மேசையில் உட்காரவைத்தாள். எதிரே காலையில் போட்ட இலை வாடிக் கிடந்தது. சாப்பிடாத இலையை முன்னால் வைத்துக்கொண்டு, வந்த நாளாய் இந்த வீட்டில் பேசாததைப் பேசினாள்.

"எலியெல்லாம் செத்துப்போச்சு அத்தான்."

அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கரைஞ்ச கொழுப்பு எங்க போகும்? எல்லாம் ரத்தத்துல நெறஞ்சு, கணையம் வெந்து அழுகிப்போச்சு. அறுத்துப் பாத்தோம். தட்டு நெறய தீனி கெடக்கு, அதுக்குப் பக்கத்துல உக்காந்தமேனிக்கே செத்துக் கெடந்துது. ஒரு கூண்டு முழுக்க."

"கஷ்டப்பட்டுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். துடிதுடித்தன, ராப்பகலாய்க் கத்தின என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை.

"இல்ல."

"பின்னே என்னட்டி?" என்று சிரித்தான்.

வருஷக்கணக்காகக் கூடப் படுத்தெழுந்த மனுஷன், பல்லி விழுந்தால்கூடப் பஞ்சாங்கம் பார்க்கிற பயந்தாங்கொள்ளி, சாவைச் சொன்னால் சிரிக்கிறான். பயமுறுத்தினால் பயப்படுவதற்கும் உள்ளே வலிக்கிற ஒரு இடம் வேண்டும் போலிருக்கிறது. அந்த இடத்தை அவள் கொண்டுவந்து வைத்த டப்பா அணைத்துவிட்டது. அழுதுகொண்டே ஹரிகுமாருக்குப் போன் செய்தாள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மெதுவாக, "வெயிட் எவ்வளவு கொறஞ்சு?" என்று கேட்டார்.

"சார்?"

"அல்ல, உலகம்மை, ஒண்ணு மனசிலாக்கணும். மனுஷனில் இது முதல் தடவையாணு. ஹாஸ்பிடலுக்குப் போங்க, ஆனா பெப்டைடு காரியம் இப்போ ஒண்ணும் சொல்லண்டா. சொன்னா லேப் பூட்டிடுவாங்க. நீங்களும் ஜெயிலுக்குப் போவீங்க. ஷுகர் கூடிப்போச்சுன்னு சொன்னா போதும். பின்னே, முறிமருந்து ஒண்ணும் கொடுக்கச் சம்மதிக்கண்டா. ரண்டாமத்தெ கூட்டில் நடந்தது ஓர்மை உண்டல்லோ? நான் வந்து பிளட் எடுக்கறேன்."

போனை அணைத்தாள். இரண்டாவது கூண்டு அவளுக்கு மறக்குமா? அந்தக் கூண்டிலிருந்து வந்த சத்தத்துக்குப் பிறகுதான் எலிகளைப் பற்றிய முடிவுகளைக் கட்டுரையில் சேர்க்கவேண்டாம், பிற்பாடு பார்க்கலாம் என்று அவர் தள்ளிவைத்தார். அவளும் தலையாட்டினாள்.

ஆட்டோவில் ஏற அழகியநம்பி மறுக்கவில்லை. "ஒனக்கு சமாதானம் ஆகும்னா போலாம்" என்றான். கரமனைப் பாலத்தில் வண்டிகள் நெரிந்து நின்றபோது, ஆற்றில் தண்ணீர் கூடியிருப்பதைக் காட்டினான். அவள் கையை அவன் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டைக்குள் எலும்பு தட்டுப்பட்டது. மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீளமாக ஓர் இடைவெளி இருந்தது.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டருக்கு ஷைஜு என்று பெயர். கைகளுக்கு மருந்து போடச் சொல்லிவிட்டு வயிற்றை அமுக்கினார். "வேதனை உண்டோ?"

"இல்ல டாக்டரே."

இன்னும் ஆழமாக அமுக்கினார். "இப்போ?"

"ஒண்ணும் இல்ல."

"அப்போ வயிறு குழப்பமில்ல" என்று டாக்டர் நிமிர்ந்தார். "தடி நல்லா கொறச்சிருக்கீங்களே, எந்தா ரகசியம்?" என்று சிரித்தார். அழகியநம்பியும் சிரித்துக்கொண்டு உலகம்மையைப் பார்த்தான்.

சர்க்கரை என்று சொல்லிவிட்டால் போதும். வேலை நிற்கும், பேர் நிற்கும், ஷில்பாவின் படிப்பு நிற்கும். அவனும் இப்படியே சிரித்துக்கொண்டு இருப்பான், கொஞ்ச காலத்துக்கு.

"அவியகிட்ட வலிக்குதான்னு கேக்காதீங்க" என்றாள் உலகம்மை. "அவியளுக்கு வலிக்காது. உள்ளே வெந்து கெடந்தாலும் வலிக்காது." எல்லாவற்றையும் சொன்னாள். பெப்டைடு, குழாய், கணக்கு, எலி, ஒன்றும் விடவில்லை. டாக்டர் முதலில் நம்பாத முகத்தோடு கேட்டார். அதற்குள் நர்ஸ் எடுத்த ரத்தம் வந்தது. சிவப்பாக இல்லை. பால் கலந்த மாதிரி வெளிறி இருந்தது. சற்று நேரத்தில் குழாயின் மேற்பாகத்தில் வெள்ளையாக ஓர் ஏடு திரண்டு நின்றது. டாக்டர் அதைத் தூக்கிப் பார்த்தபடியே நின்றார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். கணையம் வீங்கிக் குழைந்திருக்கிறது, இந்த அளவுக்கு ஆனவன் நடந்து வந்ததே ஆச்சரியம் என்றார்கள். திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்தபோது அழகியநம்பியின் கண் செருகிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் இருந்த இயந்திரம் மூச்சு போதவில்லை என்று கத்தத் தொடங்கியது.

"மூச்சு நிக்கும்" என்றார் டாக்டர் ஷைஜு. "முறிமருந்து கொடுக்கணும். எலிக்குக் கொடுத்துப் பாத்தீங்களா?"

"ரெண்டாம் கூண்டுக்குக் கொடுத்தோம். அத்தன நாள் வலியும் மொத்தமாத் திரும்பி வந்துது. பாதி அதுலயே போச்சு."

"மத்த பாதி?"

"பொழச்சுது."

"கொடுக்காம விட்ட கூட்டில்?"

"ஒண்ணுகூட மிஞ்சல."

டாக்டர் அவளையே பார்த்தார். அவருக்கும் இது புதிது, அவள் சொல்லித்தான் ஆகவேண்டும்போல் நின்றார். உலகம்மை படுக்கையில் கிடந்தவனைப் பார்த்தாள். இவ்வளவு நிம்மதியாக அவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை. அதைக் கலைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"போடுங்க" என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மூச்சு ஒன்று ஆழமாக இழுத்தது. புருவம் சுளித்தது. "யாரு இப்படிச் சத்தம் போடுதா?" என்றான். அங்கே யாரும் சத்தம் போடவில்லை. கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், தன் கைக்கட்டுகளைப் பார்த்தான், எந்த ஊரில் வந்து இறங்கியிருக்கிறோம் என்று தெரியாதவன் மாதிரி. உதட்டிலிருந்த சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. பிறகு அதுவும் போயிற்று.

"உலகு" என்றான். "உலகு, எனக்கு என்னமோ பயமா இருக்குட்டி."

அவள் குனிந்து அவன் நெற்றியில் கன்னத்தை வைத்தாள். அடுத்த நொடி அவன் வயிற்றுக்குள்ளிருந்து புறப்பட்ட ஓலத்தில், வராந்தாவில் பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். நர்ஸுகள் ஓடிவந்து கால்களைப் பிடித்தார்கள். டாக்டர் இன்னொரு ஊசியைக் கேட்டுக் கத்தினார். அழகியநம்பி இரண்டு முழங்காலையும் வயிற்றோடு இழுத்துச் சேர்த்து, கட்டுப் போட்ட கையால் அவள் புடவையை இறுக்கிச் சுருட்டிக்கொண்டு, விடாமல் கத்தினான். உலகம்மை அவன் காதருகே அழுதுகொண்டே, "கத்துங்க அத்தான், நல்லாக் கத்துங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.